பல் சீழ், தாடைக்கு அடியில் சீழ், முகச் செல்லுலைட்டிஸ்: ஒரே சார்ட்டுக்கு எத்தனை கோடு?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் ஈ.டி. (அவசரப் பிரிவு) ப்ரோ-ஃபீ சார்ட், அதாவது டாக்டரின் கட்டணத்துக்கான நோயாளிப் பதிவு. வலது கீழ்த்தாடையில் வலியும் வீக்கமுமாக வந்த நோயாளி, டைப் 2 டயபெட்டிஸ் உள்ளவர், மெட்ஃபார்மின் எடுப்பவர். சி.டி. எடுத்து, நரம்பு வழி (ஐ.வி.) ஆன்டிபயாடிக் கொடுத்து, ஓரல் சர்ஜனைக் கூப்பிட்டு அட்மிட் செய்திருக்கிறார்கள். டாக்டரின் கடைசி மதிப்பீடு: பல் எண் 31-ல் டென்டல் ஆப்சஸ் (பல் சீழ்), அதிலிருந்து பரவிய வலது சப்மாண்டிபுலர் ஆப்சஸ் (தாடைக்கு அடியில் சீழ்), முகத்தில் செல்லுலைட்டிஸ் (தோலடித் திசுவில் பரவும் தொற்று). நீங்கள் கே04.7 (K04.7 என்ற கோடு, அதாவது நோய்க்கான குறியீட்டு எண்) மட்டும் போட்டீர்கள். ஆடிட்டர் கே12.2 விட்டுப்போனதாக எரர் வைத்தார். உங்கள் டி.எல். (டீம் லீடர்) 'எல்03.211 போதும், மற்றது டென்டல், கிளெய்ம் (காப்பீட்டுக் கோரிக்கை) அடிபடும்' என்கிறார். மூன்றில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அடியில் இருக்கும் கேள்வி வேறு: ஒரு கிருமித்தொற்று ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்துக்குப் போனால், தொடங்கிய இடத்துக்குக் கோடா, போய்ச் சேர்ந்த இடத்துக்கா, இரண்டுக்குமா?

இரண்டுக்கும்தான். நீங்கள் எழுதியபடியே சார்ட் இருந்தால் கே12.2, கே04.7, எல்03.211 மூன்றும் வரவேண்டும். முதலில் கே12.2. டயபெட்டிஸ் கோடும் சேரும், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு, பின்னால் வருகிறேன். ஆடிட்டர் சொன்னது சரி, ஆனால் அவரும் செல்லுலைட்டிஸைப் பற்றிப் பேசவில்லை. டி.எல். சொன்னதில் எல்03.211 மட்டும் போதும் என்பதும், அதற்கான காரணமும் இரண்டுமே தவறு.

ஐ.சி.டி.-10-சி.எம். (அமெரிக்காவில் பயன்படும் நோய்க் கோடுத் தொகுதி) வாய்த் தொற்றுகளை முதலில் நோயின் கடுமையை வைத்துப் பிரிக்கவில்லை, இடத்தை வைத்துப் பிரிக்கிறது. சீழ் எந்தத் திசுவில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. பல் வேரின் நுனியில் என்றால் கே04. ஈறிலும் பல்லைத் தாங்கும் திசுக்களிலும் என்றால் கே05. வாயின் மென்திசுவிலும் வாய்த் தரையிலும் என்றால் கே12.2. உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் என்றால் கே11.3. உதட்டில் கே13.0, நாக்கில் கே14.0, தாடை எலும்பில் எம்27.2. டான்சிலைச் சுற்றி என்றால் சுவாச அத்தியாயத்துக்குத் தாண்டி ஜே36, தொண்டைக்குப் பின்னாலோ பக்கத்திலோ ஆழத்தில் என்றால் ஜே39.0. வெளித்தோலில் என்றால் எல்02, எல்03. 'ஆப்சஸ்' என்ற ஒரே சொல்லைப் பார்த்துவிட்டு என்கோடரில் (கோடு தேடும் மென்பொருளில்) தட்டினால் இத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். சார்ட்டிலிருந்து இடத்தை முடிவு செய்துகொண்டு அதன் பிறகு தட்டுவதுதான் வேகமான வழி.

கே04-ஐ முதலில் எடுப்போம், ஈ.டி. சார்ட்டில் அதிகம் வருவது அதுதான். சொத்தை பல்லின் கூழ் வரை இறங்கினால் பல்பைட்டிஸ்: மீளக்கூடியது கே04.01, மீளாதது கே04.02. கூழ் செத்துப்போனால் கே04.1. தொற்று வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குள் எட்டிப்பார்த்து அழற்சி மட்டும் இருந்தால் அக்யூட் ஏபிகல் பெரியோடோன்டைட்டிஸ், கே04.4. சீழ் கட்டிவிட்டால் பெரிஏபிகல் ஆப்சஸ், கே04.6 அல்லது கே04.7. ஈ.டி. டாக்டர் பெரும்பாலும் 'பெரிஏபிகல்' என்று எழுதமாட்டார், 'டென்டல் ஆப்சஸ்' என்றுதான் எழுதுவார். அது கே04.7-க்குக் கீழே பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது, தயங்க வேண்டாம். ஆனால் 'டென்டல் பெயின், தொற்றாக இருக்கலாம், அமாக்ஸிசிலின் கொடுத்தேன்' என்று மட்டும் இருந்தால் ஆன்டிபயாடிக்கைப் பார்த்து நீங்களே ஆப்சஸ் ஆக்கக்கூடாது. அங்கே கிடைப்பது பல்வலிக்கான கே08.89 மட்டும்தான். சொத்தையும் எழுதப்பட்டிருந்தால் கே02-லிருந்து ஒரு கோடு சேர்க்கலாம், ஆழம் சொல்லாவிட்டால் கே02.9. பல் எண்ணுக்கு இந்தக் கோடுகளில் இடமே இல்லை. வலது இடதும் கிடையாது. ஆனாலும் பல் எண்ணை வாசியுங்கள், அது வேறு விதத்தில் உதவும்.

கே04.6-க்கும் கே04.7-க்கும் வித்தியாசம் சைனஸ் உண்டா இல்லையா என்பது. ஆடிட்டில் திரும்பத் திரும்ப வரும் தவறு இங்கேதான். இங்கே சைனஸ் என்பது சீழ் வெளியேறத் தானாகத் துளைத்துக்கொண்ட வழி: ஈறில் சிறு கொப்புளம் போல வாய் திறந்திருக்கும், சில சமயம் கன்னத்துத் தோலிலேயே திறக்கும். மூக்குப் பக்கத்து எலும்பறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேல் கடைவாய்ப் பல் ஆப்சஸோடு மாக்ஸிலரி சைனஸைட்டிஸும் இருப்பதாக எழுதியிருந்தால் அதைக் கே04.6 ஆக்கிவிடுவார்கள். அப்படிச் செய்யக்கூடாது. பல்லுக்குக் கே04.7, சைனஸைட்டிஸுக்குத் தனியாக ஜே01.0- (முடிவில் '-' என்றால் இன்னும் இலக்கம் வரும்) அல்லது ஜே32.0. கே04.6 போட வேண்டுமென்றால் சார்ட்டில் சைனஸ் டிராக்ட், ஃபிஸ்டுலா, ஈறு வழியாக வடியும் வழி என்று ஏதாவது இருக்க வேண்டும். டாக்டர் கத்தி வைத்துச் சீழை வடித்தது சைனஸ் ஆகாது, அது சிகிச்சை.

அடுத்தது பெரியோடோன்டல் ஆப்சஸ். பேர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் வேகமாக வாசிக்கும் கண் பெரிஏபிகல் என்றே எடுத்துக்கொள்ளும். இது வேர் நுனியிலிருந்து வருவதல்ல, ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பையில் கட்டும் சீழ். அக்ரெசிவ் பெரியோடோன்டைட்டிஸ், லோக்கலைஸ்டு என்ற தலைப்பின் கீழ் கே05.21-ல் இருக்கிறது. அந்த ஐந்தாம் இலக்கத்தோடு நிறுத்தினால் கிளெய்ம் திரும்பிவிடும். ஆறாம் இலக்கம் கடுமையைச் சொல்கிறது: லேசானது 1, மிதமானது 2, கடுமையானது 3, சொல்லப்படவில்லை என்றால் 9. ஈ.டி. சார்ட்டில் கடுமையை யாரும் எழுதுவதில்லை, ஆகவே நடைமுறையில் கே05.219. 'கடுமையான வலி' என்று இருப்பதைப் பார்த்து 3 போடுபவர்கள் உண்டு. அந்தக் கடுமை வலிக்கு, நோய்க்கு அல்ல. ஞானப்பல்லைச் சுற்றி வரும் அக்யூட் பெரிகொரோனைட்டிஸும் கே05.2 குடும்பத்தில்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது. நாள்பட்டது என்றால் கே05.3.

இனி உங்கள் சார்ட்டின் மையம், கே12.2. தலைப்பு 'வாயின் செல்லுலைட்டிஸும் ஆப்சஸும்'. ஐ.சி.டி.-9 காலத்தில் 528.3 என்று இருந்ததன் வாரிசு இது. டேபுலரில் (கோடு வரிசைப் பட்டியலில்) இதன் கீழே இரண்டு சேர்க்கைகள்: வாய்த் தரையின் செல்லுலைட்டிஸ், சப்மாண்டிபுலர் ஆப்சஸ். இரண்டாவதைத்தான் நீங்கள் தவறவிட்டீர்கள். தாடைக்கு அடியில், கழுத்துக்கு மேலே, வெளியிலிருந்து தொட்டால் தெரியும் வீக்கம் என்பதால் 'வாய்' என்ற தலைப்பின் கீழ் அதைத் தேடத் தோன்றாது. கழுத்து ஆப்சஸ் என்று நினைத்து எல்02.11 போடுவதும் இதனால்தான். ஆனால் வழி வாய்க்குள்ளிருந்துதான். கீழ்த்தாடை எலும்பின் உட்பக்கம் மைலோஹையாய்டு தசை ஒட்டியிருக்கும் கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கடைவாய்ப் பல்லும் அதற்கு முன்னால் உள்ளவையும் பெரும்பாலும் வேர் நுனி அந்தக் கோட்டுக்கு மேலே முடிபவை, ஆகவே சீழ் நாக்குக்கு அடியில் சப்லிங்குவல் இடத்துக்குப் போகும். இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப் பற்களின் வேர் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும், ஆகவே சீழ் சப்மாண்டிபுலர் இடத்துக்கு இறங்கும். பல் எண் 31 என்பது அமெரிக்க எண்ணில் வலது கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல். நம்மூர்ப் பல் மருத்துவர்கள் 47 என்பது அதையே. டாக்டர் எழுதிய கதையும் உடற்கூறும் பொருந்துகின்றன. இப்படிப் பொருந்திப் பார்ப்பது கோடு போடுவதற்கான ஆதாரம் அல்ல, டாக்டரின் வாக்கியத்தைச் சரியாக வாசித்தோமா என்று உறுதிசெய்துகொள்ளத்தான்.

இண்டெக்ஸில் (அகரவரிசைப் பட்டியலில்) 'ஆப்சஸ்' என்ற தலைச்சொல்லின் கீழே வாய் சார்ந்த வரிகளை ஒரு முறை பொறுமையாக முழுக்க வாசித்துவிட்டால் பாதி எரர் குறையும். கன்னம் என்றால் வெளிப்புறம் எல்02.01, உட்புறம் கே12.2. அண்ணம் என்றால் மென்மையானது கே12.2, கடினமானது எம்27.2, அதாவது எலும்புக்குப் போய்விடுகிறது. உள்நாக்கு கே12.2. சப்லிங்குவல் என்றால் கே12.2, சப்லிங்குவல் சுரப்பி என்றால் கே11.3. சப்மென்டல், அதாவது மோவாய்க்கு அடியில், என்று தனியாக வந்தால் எல்02.01-க்கு அனுப்பும். பக்கத்துப் பக்கத்து இடங்கள் இரண்டு அத்தியாயங்களில் கிடப்பது விசித்திரம்தான், ஆனால் இண்டெக்ஸ் சொல்வதை நம் உடற்கூற்று அறிவை வைத்துத் திருத்த நமக்கு உரிமை இல்லை. சுரப்பியைக் குறித்து ஓர் எச்சரிக்கை: 'சப்மாண்டிபுலர் ஆப்சஸ்' வேறு, 'சப்மாண்டிபுலர் சுரப்பியின் ஆப்சஸ்' வேறு. கல் அடைத்து, சுரப்பி வீங்கி, குழாய் வாயில் சீழ் வந்தால் கே11.3, கல்லுக்குக் கே11.5. சீழ் இல்லாமல் அழற்சி மட்டும் என்றால் கே11.2-க்குக் கீழே.

லுட்விக்ஸ் ஆஞ்சைனா கே12.2-தான். 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தது: இரண்டு பக்கமும் சப்மாண்டிபுலர், சப்லிங்குவல், நடுவில் சப்மென்டல் எல்லாம் சேர்ந்து கெட்டியாக வீங்கி, நாக்கை மேலே தூக்கி, மூச்சுவழியை அடைக்கும். சாதாரண வாய்ச் சீழும் உயிரைப் பறிக்கும் லுட்விக்ஸும் ஒரே கோட்டில் இருப்பதால், நோயாளியின் நிலை எவ்வளவு மோசம் என்பதைக் கூடவரும் கோடுகள்தான் சொல்ல வேண்டும்: அக்யூட் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர் ஜே96.0-, செப்சிஸ் (தொற்று உடல் முழுதையும் பாதிக்கும் நிலை) ஏ41.9 முதலியவை, டாக்டர் எழுதியிருந்தால் மட்டும். இன்னொன்று, என்கோடரில் 'ஆஞ்சைனா' என்று தட்டி முதலில் வந்ததை எடுத்தால் ஐ20.9, இதய நோய். இல்லாத இதய நோய் ஒருவரின் பதிவில் ஏறிவிடும், அதை இறக்குவது பெரும்பாடு. அதே தலைச்சொல்லின் கீழே வின்சென்ட்ஸ் ஆஞ்சைனாவும் இருக்கிறது, அது ஏ69.1.

இப்போது மூன்றையும் சேர்த்துப் போடலாமா என்பது. கே12.2-க்குக் கீழே ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது: உமிழ்நீர்ச் சுரப்பி ஆப்சஸ், நாக்கு ஆப்சஸ், பெரிஏபிகல் ஆப்சஸ், பெரியோடோன்டல் ஆப்சஸ், பெரிடான்சிலர் ஆப்சஸ். இதைப் பார்த்துத்தான் பலர் கே04.7-ஐயோ கே12.2-ஐயோ கைவிடுகிறார்கள். அது எக்ஸ்க்ளூட்ஸ்2 என்பதைக் கவனியுங்கள். எக்ஸ்க்ளூட்ஸ்1 என்றால் இரண்டையும் ஒன்றாகப் போடாதே என்று பொருள். எக்ஸ்க்ளூட்ஸ்2 என்றால் அந்த நோய் இந்தக் கோட்டுக்குள் அடங்காது, இரண்டும் நோயாளிக்கு இருந்தால் இரண்டையும் போடு என்று பொருள். ஆகவே இந்தப் பட்டியல் உங்கள் ஆடிட்டரின் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. எல்03.21-ன் கீழேயும் உதட்டுச் செல்லுலைட்டிஸ், வாய்ச் செல்லுலைட்டிஸ் எல்லாம் எக்ஸ்க்ளூட்ஸ்2 ஆகத்தான் நிற்கின்றன. உண்மையில் தடுக்கும் குறிப்பு வேறோரிடத்தில் இருக்கிறது: கே05.2-க்குக் கீழே கே04.4, கே04.6, கே04.7 மூன்றும் எக்ஸ்க்ளூட்ஸ்1. ஒரே பல்லுக்குப் பெரிஏபிகல் என்றும் பெரியோடோன்டல் என்றும் இரண்டு ஆப்சஸ் போட முடியாது. ஈ.டி. டாக்டர் ஓரிடத்தில் ஒன்றும் டிஸ்சார்ஜ் தாளில் இன்னொன்றும் எழுதியிருந்தால் குவெரிதான் (டாக்டரிடம் எழுதிக் கேட்பதுதான்) வழி. இரண்டு வெவ்வேறு பற்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று தெளிவாக இருந்தால், எக்ஸ்க்ளூட்ஸ்1-க்குக் கைட்லைன் (அதிகாரபூர்வக் கோடிங் விதிகள்) தரும் விதிவிலக்கு பொருந்தும், இரண்டையும் போடலாம். ஆனால் கிளெய்ம் எடிட் நிறுத்தும், பல் எண்களைக் குறிப்பில் வைத்திருங்கள்.

எல்03.211-ஐப் பற்றி. 'முகத்தில் செல்லுலைட்டிஸ்' என்று டாக்டர் எழுதியதால் அது வருகிறது. 'முக வீக்கம்' என்று மட்டும் எழுதியிருந்தால் வராது. வீக்கம் ஆப்சஸின் அடையாளம், தனியாக ஆர்22.0 போடுவதும் தேவையில்லை. தாடை வலி, பல்வலி, காய்ச்சல் எல்லாம் அப்படியே. வாய் திறக்க முடியாமையை ஆர்25.2 என்று தனியாகப் போடலாமா என்று கருத்து வேறுபாடு உண்டு. மாஸ்டிகேட்டர் (மெல்லும் தசை) இடத்துத் தொற்றோடு அது கூடவே வருவதுதான், நான் போடமாட்டேன். உங்கள் கிளையண்ட் போடச் சொன்னால் போடுங்கள், அதற்காகச் சண்டை போட ஒன்றுமில்லை. தோலில் சிவப்பும் சூடும் பரிசோதனைப் பகுதியில் விவரமாக இருந்தாலும் மதிப்பீட்டில் 'செல்லுலைட்டிஸ்' என்ற சொல் இல்லையென்றால் அந்தக் கோடு இல்லை.

வரிசை. கே04-க்கும் கே12-க்கும் இடையே 'இதை முதலில் போடு' என்ற குறிப்பு ஏதும் இல்லை. ஆகவே காரணம் முதலில், விளைவு பின்னால் என்ற தர்க்கத்தை நாமாகக் கொண்டுவரக்கூடாது. ஈ.டி. டாக்டரின் ப்ரோ-ஃபீ சார்ட்டுக்குக் கைட்லைனின் நான்காம் பிரிவு: அன்றைய சேவைக்கு முக்கியக் காரணமான நோய் முதலில். சி.டி. எடுத்தது, நரம்பு வழி மருந்து, அட்மிஷன் எல்லாம் சப்மாண்டிபுலர் சீழுக்காக. ஆகவே கே12.2. அதே நோயாளி உள்நோயாளியானபின் மருத்துவமனையின் கிளெய்ம் தனி. அங்கே இரண்டாம் பிரிவு, பரிசோதித்துப் பார்த்தபின் அட்மிஷனுக்கு முதன்மையான காரணம் எது என்பது. பெரும்பாலும் அங்கும் கே12.2 வரும். வரும்போதே செப்சிஸ் இருந்ததாக டாக்டர் எழுதினால் ஏ41.9 போன்ற செப்சிஸ் கோடு முதலில் போய், கே12.2 இரண்டாவதாக இறங்கும். வெறும் டென்டல் ஆப்சஸ், மாத்திரை எழுதிக்கொடுத்துப் பல் டாக்டரிடம் போ என்று அனுப்பிய சார்ட்டில் கே04.7-தான் முதலும் முடிவும்.

உங்கள் டி.எல். பயப்படுவதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. மெடிகேர் (அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) வழக்கமான பல் சிகிச்சைக்குப் பணம் தராது, சோஷியல் செக்யூரிட்டி சட்டத்தின் 1862(ஏ)(12) பிரிவே அப்படிச் சொல்கிறது. கே04.7 முதலில் நின்றால் சில பேயர்களின் (காப்பீட்டுப் பணம் தருவோரின்) அமைப்பு 'டென்டல்' என்று தள்ளிவிடும். ஆனால் இந்தச் சார்ட்டில் கே12.2 முதலில் வருவது ஆவணத்தின்படியே. அதற்காகக் கே04.7-ஐ மறைக்கவோ, எல்03.211-ஐ முகப்பில் வைக்கவோ தேவையில்லை. பணம் வருவதற்காக நோயின் பிறப்பிடத்தை அழிப்பது கோடிங் அல்ல. டினையல் (பண மறுப்பு) வந்தால் அப்பீலுக்கு சி.டி. அறிக்கையும் சர்ஜன் குறிப்பும் போதும்.

டயபெட்டிஸ் சிக்கல் இது. 'வித்' என்ற மரபின்படி, இண்டெக்ஸில் டயபெட்டிஸின் கீழே 'வித்' பட்டியலில் உள்ள நோய்களுக்கு டாக்டர் தொடர்பை எழுதாவிட்டாலும் தொடர்பு உண்டு என்றே எடுத்துக்கொள்கிறோம். பெரியோடோன்டல் நோய் அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கிறது: டைப் 2 என்றால் இ11.630. ஆகவே பெரியோடோன்டல் ஆப்சஸும் டயபெட்டிஸும் ஒரே சார்ட்டில் இருந்தால் இணைக்கலாம். உங்கள் சார்ட்டில் இருப்பதோ பெரிஏபிகல் ஆப்சஸும் சப்மாண்டிபுலர் ஆப்சஸும். அவற்றுக்கு உள்ளது 'மற்ற வாய்ச் சிக்கல்' என்ற பொதுவரி, இ11.638. பெயர் குறிப்பிடாத அத்தகைய பொதுவரிகளுக்கு அந்த அனுமானம் செல்லாது, டாக்டர் தொடர்பைச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை இ11.9, கூடவே மெட்ஃபார்மினுக்கு இசட்79.84. சர்க்கரை 300-க்கு மேல் இருப்பதை ஆய்வகத் தாளில் பார்த்து இ11.65 போடவும் முடியாது. 'ஹைப்பர்கிளைசீமியா' என்றோ 'கட்டுப்பாடு மோசம்' என்றோ டாக்டர் எழுதியிருந்தால் அங்கே போகலாம். 'அன்கன்ட்ரோல்டு' என்று மட்டும் எழுதினால் கூடுதலா குறைவா என்று கேட்கவேண்டும்.

இதுவரை சொன்னது உறுதியான பகுதி. தகராறுக்கு இடமுள்ளவை சில. முதலாவது, 'ப்ராபபிள் சப்மாண்டிபுலர் ஆப்சஸ்', 'லுட்விக்ஸ் இருக்கலாம்' போன்ற வாசகங்கள். புறநோயாளி, ஈ.டி., ப்ரோ-ஃபீ சார்ட்டுகளில் சந்தேகத்துக்குக் கோடு கிடையாது, உறுதியானதை மட்டும். மருத்துவமனையின் உள்நோயாளி கிளெய்மில் டிஸ்சார்ஜ் சமயத்திலும் அதே சந்தேகம் நீடித்தால், இருப்பதாகவே வைத்துக் கோடு போடலாம். இதனால் ஒரே நோயாளியின் இரண்டு கிளெய்ம்களில் இரண்டு நோய் தெரிவது பிழையல்ல. இரண்டாவது, சி.டி. அறிக்கையில் மட்டும் ஆப்சஸ் இருந்து டாக்டரின் மதிப்பீட்டில் 'டென்டல் இன்ஃபெக்ஷன்' என்று மட்டும் இருப்பது. உள்நோயாளி என்றால் சிகிச்சை செய்யும் டாக்டர் எழுதாதவரை எடுக்கக்கூடாது. ரேடியாலஜிஸ்டின் சொந்தக் கிளெய்ம் என்றால் அவர் உறுதியாகச் சொன்னதை எடுக்கலாம். ஈ.டி. டாக்டரின் கிளெய்மில் நடைமுறை கிளையண்டுக்குக் கிளையண்ட் மாறும். பெரும்பாலும் மருத்துவ முடிவுப் பகுதியில் அவரே சி.டி. முடிவைத் திருப்பி எழுதியிருப்பார், அங்கே தேடுங்கள். மூன்றாவது, மாஸ்டிகேட்டர், கேனைன் போன்ற ஆழ்ந்த இடங்களின் பெயர்கள். இண்டெக்ஸில் இவற்றுக்கு நேர் வரி இல்லை. தோலா, வாய் மென்திசுவா, தசையா என்பதைச் சார்ட் சொல்லாவிட்டால் ஊகித்துக் கே12.2 போடுவதைவிட ஒரு குவெரி மேல். குவெரியில் 'கே12.2 என்று எழுதலாமா' என்று பதிலை ஊட்டாதீர்கள். 'சி.டி.-யில் வலது மாஸ்டிகேட்டர் இடத்தில் திரவத் தேக்கம் குறிப்பிடப்பட்டுள்ளது, நரம்பு வழி ஆன்டிபயாடிக் தரப்பட்டுள்ளது, இதற்குரிய நோயறிதலையும் எந்தத் திசுவில் என்பதையும் குறிப்பிடவும்' என்பது போதும்.

பக்கத்தில் சறுக்கக்கூடிய சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பல் பிடுங்கியபின் வரும் ட்ரை சாக்கெட் எம்27.3. அது சீழ் அல்ல, ஆப்சஸ் கோடு சேர்க்காதீர்கள். பிடுங்கிய இடத்தில் சீழ் வந்தாலும் அது சிகிச்சையின் சிக்கல் என்று டாக்டர் சொன்னால்தான் டி81.4-க்குப் போகலாம். பல் இம்பிளான்ட்டைச் சுற்றிய தொற்று எம்27.62. தாடை எலும்பு ஆஸ்டியோமைலைட்டிஸ் எம்27.2. இங்கே ஒரு பொறி: இணையத்தில் தேடினால் கே10.2, கே10.3 என்று வரும், அவை உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐ.சி.டி.-10 கோடுகள். சி.எம்.-ல் கே10 என்ற பிரிவே இல்லை, கே09-க்கு அடுத்தது கே11. கர்ப்பிணிக்குப் பல் ஆப்சஸ் என்றால் ஓ99.61- முதலில், அதன்பின் கே04.7, வாரக் கணக்குக்கு இசட்3ஏ. வாய் நோய்கள் செரிமான அத்தியாயத்தில் இருப்பதால் அந்த ஓ கோடு. கர்ப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரே எழுதினால் மட்டும் இசட்33.1. கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) முடிவை டாக்டர் நோயோடு இணைத்து எழுதியிருந்தால் கிருமிக்கு பி95 முதல் பி97 வரை, எடுத்துக்காட்டாக எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ்) என்றால் பி95.62. வாய்ப் பூஞ்சை பி37.0, ஹெர்ப்பஸ் ஈறு-வாய் அழற்சி பி00.2. இவற்றில் கிருமி கோட்டுக்குள்ளேயே இருப்பதால் தனியாகத் தேவையில்லை.

செய்முறைக் கோடும் (டாக்டர் செய்த சிகிச்சைக்கான சி.பி.டி. எண்) இடத்தைப் பொறுத்தே மாறுவதால் பொருத்தம் பார்ப்பது நல்லது. பல்-எலும்புப் பகுதிச் சீழை வடிப்பது 41800. வாய் வழியாகச் சப்மாண்டிபுலர் இடம் 41008, வெளியே தோலைக் கீறி அதே இடம் 41017. சர்ஜன் 41017 பில் செய்து நோய்க்கோடு கே04.7 மட்டும் நின்றால் முரண்பாடு உடனே கண்ணில் படும். அது உங்கள் கே12.2 விட்டுப்போனதற்கான அறிகுறி. தோல் சீழுக்கான 10060-ஐ வாய்க்குள் வடித்ததற்குப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது.

உங்கள் எரரை மறுக்க முடியாது, ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் ஒப்புக்கொள்ளும்போதே எல்03.211-ஐயும் சேர்க்கக் கேட்டு, மதிப்பீட்டு வாக்கியத்தையும் கே12.2-ன் எக்ஸ்க்ளூட்ஸ்2 குறிப்பையும் அப்படியே ஒட்டி அனுப்புங்கள். ஆடிட்டர் கருத்தைவிட டேபுலரின் ஒரு வரி சீக்கிரம் வேலை செய்யும். அனுப்பும் முன் சார்ட்டின் சேவைத் தேதியைப் பாருங்கள். கோடு நூல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1-ல் மாறுகிறது, ஏப்ரல் 1-லும் சில மாற்றங்கள் வரக்கூடும். நீங்கள் கோடு போடும் நாளுக்குரிய பதிப்பு அல்ல, நோயாளி வந்த நாளுக்குரிய பதிப்புதான் செல்லும்.